எல்லை தாண்டும் பேருந்து, ரயில் திட்டங்கள்: பல நிர்வாகங்கள் சேர்ந்து திட்டமிட்டு முடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு பேருந்துத் தடமோ ரயில் பாதையோ ஒரே நகராட்சிக்குள் முடிந்துவிட்டால் வேலை எளிது. அது இரண்டு நகராட்சி, இரண்டு மாநிலம், சில சமயம் இரண்டு நாடு என்று நீளும்போதுதான் திணறல் ஆரம்பிக்கிறது. பாலம் கட்டுவதோ தண்டவாளம் போடுவதோ அங்கே பெரிய தடையாக இருப்பதில்லை. எதை முதலில் பேசுவது, எதைப் பிறகு பேசுவது என்ற வரிசையில்தான் பிசகு வருகிறது. வழக்கமாக வரைபடம் முதலில் வரும், அடுத்து அறிவிப்பு, பணப் பேச்சு கடைசியில். அந்த வரிசையில் போன திட்டங்கள் நடுவழியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படியொரு கூட்டுத் திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவருக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு தரப்பிலும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும். "துறையிலிருந்து யாராவது வருவார்கள்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது ஆள் வந்தால், ஒவ்வொரு கூட்டமும் முதல் கூட்டம்தான்.

அந்த அதிகாரி எதுவரை தானே முடிவெடுக்கலாம், எதற்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேசையில் தலையாட்டிவிட்டு இரண்டு மாதம் கழித்து "மேலே ஒத்துக்கொள்ளவில்லை" என்று கடிதம் வருவது இதனால் பாதியாகக் குறையும்.

கணக்கெடுப்பு, வரைபடம், ஆலோசகர் கட்டணம் ஆகியவற்றுக்கு ஒரு சிறு பொது நிதி தேவை. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எல்லாத் தரப்பும் போட வேண்டும். ஒருவர் மட்டும் செலவு செய்து எடுத்த கணக்கை மற்றவர்கள் கடைசிவரை "அவர்களுடைய கணக்கு" என்றுதான் சொல்வார்கள்.

1. முதலில் பயணத்தை வரையுங்கள், எல்லைக்கோட்டை அப்புறம் போடுங்கள்

நிர்வாக எல்லைகளே இல்லாத ஒரு வெற்று வரைபடத்தில் மக்கள் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறார்கள் என்பதை மட்டும் குறியுங்கள். வேலைக்கு, படிப்புக்கு, மருத்துவமனைக்கு, சந்தைக்கு என்று தனித்தனியாக வேண்டும். எல்லைக்கோடு போட்ட வரைபடத்தை விரித்தால், பார்க்கிறவர் கண் முதலில் தன் பகுதிக்குத்தான் போகும். வெற்று வரைபடத்தில் எல்லாரும் பயணியைத்தான் பார்க்க முடியும்.

அதற்கு முன் ஒரு சொல்விளக்கத் தாள் தயார் செய்யுங்கள். ஒரு முறை ஒரே வழித்தடப் பகுதிக்கு, ஒரே மாதத்துக்கு, இரண்டு நிர்வாகங்கள் தந்த பயணிகள் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகித்து, குரல்கள் உயர்ந்து, ஒரு முழுக் காலைப்பொழுது போனது. தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஒருவர் வண்டியில் ஏறும் ஒவ்வொரு தடவையையும் ஒரு பயணி என்று எண்ணியிருந்தார். மற்றவர் பயணத்தை எண்ணியிருந்தார். நடுவில் வண்டி மாறியவர் முதல் கணக்கில் இரண்டு பேர், இரண்டாவது கணக்கில் ஒருவர். இரண்டு பேர் கணக்கும் சரிதான்!

அதனால் 'பயணி', 'பயணம்', 'நெரிசல் நேரம்', 'தாமதம்' ஆகிய நான்கு சொற்களுக்காவது பொதுப் பொருள் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே எண்களைக் கேளுங்கள். பாஸ் வைத்திருப்பவர் ஒரு நாளில் எத்தனை பயணம் செய்வதாக வைத்துக்கொள்வது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

2. யாருக்கு எதில் அதிகாரம் என்று அட்டவணை போடுங்கள்

இடப்பக்கம் வேலைகள், மேலே அமைப்புகள். சாலை யாருடையது, சிக்னலை இயக்குவது யார், தடத்துக்கு அனுமதி தருவது யார், கட்டணத்தை நிர்ணயிப்பது யார், நிலம் எடுப்பது யார், தரைக்கடியில் போகும் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் யாருடையவை. ஒவ்வொரு கட்டத்திலும் "முடிவெடுப்பவர்", "கருத்துச் சொல்பவர்", "தகவல் பெறுபவர்" என்று மூன்றில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்.

ஒரே வேலைக்கு இரண்டு பேர் முடிவெடுப்பவர் என்று வந்தால், பின்னால் சண்டை வரப்போகும் இடம் அதுதான். யாருமே இல்லாத கட்டம் இன்னும் ஆபத்தானது. பேருந்து நிழற்குடையும் நிலையத்துக்கு வெளியே உள்ள நடைபாதையும் பெரும்பாலும் இப்படித்தான் அனாதையாக விடுபடும்.

பாதை நடுவில் கடந்துபோகும் சிறிய ஊராட்சிகளையும் இந்தக் கட்டத்திலேயே அழையுங்கள். நிலையம் கிடைக்காமல், தூண் மட்டும் கிடைக்கிற ஊர் அது. கடைசியில் போய்க் கேட்டால் அவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

3. வேலைக்கு ஏற்ற கூட்டமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

கால அட்டவணையை ஒத்திசைப்பது, எல்லை நிறுத்தத்தைப் பகிர்வது போன்றவற்றுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தமே போதும். கட்டணத்தையும் பயணச்சீட்டையும் ஒன்றாக்க வேண்டுமென்றால் ஒரு போக்குவரத்துக் கூட்டமைப்பு தேவை. ஹாம்பர்க்கில் 1965-இல் தொடங்கியதும் சூரிச்சில் 1990-இல் வந்ததும் இந்த வகை. அங்கே வண்டிகளை ஓட்டுவது பல நிறுவனங்கள், பயணியின் கையில் இருப்பது ஒரே சீட்டு.

கடன் வாங்க வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும் என்றால் சட்டப்படி தனி உருவம் உள்ள அமைப்பு இல்லாமல் முடியாது. வாஷிங்டன் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 1967-இல் மேரிலாந்து, வர்ஜீனியா, கொலம்பியா மாவட்டம் (வாஷிங்டன் நகரம்) மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிறந்தது. டெல்லி–மீரட் விரைவு ரயில் திட்டத்தை நடத்தும் தேசியத் தலைநகரப் பகுதிப் போக்குவரத்துக் கழகத்தில் ஒன்றிய அரசுக்கு 50 சதவீதப் பங்கு. டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் நான்குக்கும் தலா 12.5 சதவீதம்.

புதியவர்கள் முதல் நாளே பெரிய ஆணையம் கேட்பார்கள். சட்டம் நிறைவேறும்வரை எல்லா வேலையும் காத்திருக்கும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கிளம்பி, கடன் தேவைப்படும் கட்டத்துக்குள் சட்ட அமைப்பு தயாராகும்படி இரண்டையும் இணையாக ஓட்டுங்கள்.

வாக்குரிமையையும் இங்கேயே முடித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்று எழுதினால் நிறுத்தத்தின் பெயரை மாற்றவும் ஒரு வருடம் ஆகும். பட்ஜெட், புதிய உறுப்பினர், பாதை மாற்றம் இவற்றுக்கு மட்டும் ஒருமித்த சம்மதம், மற்றதற்குப் பெரும்பான்மை என்று பிரிப்பதே நல்லது.

4. பணம்: பாதையை வரைவதற்கு முன் பங்கீட்டை எழுதுங்கள்

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் செலவை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கட்டும் செலவு, ஓட்டும் செலவு, தேய்ந்ததைப் புதுப்பிக்கும் செலவு. கட்டும் செலவுக்கு எப்படியாவது மானியமோ கடனோ கிடைத்துவிடும். ஓட்டும் செலவு வருடா வருடம் வரும். புதுப்பிக்கும் செலவை யாரும் பேசுவதில்லை. இருபது, முப்பது வருடம் கழித்து அது ஒரே மொத்தமாக வந்து நிற்கும். வாஷிங்டன் மெட்ரோ பல்லாண்டு காலம் தனக்கென்று நிலையான நிதி ஆதாரம் இல்லாமல், ஆண்டுதோறும் ஒவ்வொரு அரசிடமும் கேட்டுக் கேட்டுத்தான் ஓடியது. 2018-இல்தான் மூன்று தரப்பும் சேர்ந்து ஆண்டுக்கு 50 கோடி டாலர் மூலதனப் பணிகளுக்கென்றே தர ஒப்புக்கொண்டன. அதற்குள் பராமரிப்பு மிகவும் பின்தங்கி, 2016-இல் தடங்களைப் பகுதி பகுதியாக மூடிப் பழுதுபார்க்கும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

அடுத்தது சூத்திரம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 கிலோமீட்டர் பாதை, அதில் 14 மேல்நகரில், 6 கீழ்நகரில். பத்து நிலையங்களில் ஆறு மேல்நகரில். பயணிகளில் 45 சதவீதம் பேர் மேல்நகரில் குடியிருப்பவர்கள், 55 சதவீதம் கீழ்நகர்க்காரர்கள். ஆண்டுப் பற்றாக்குறை, அதாவது ஓட்டும் செலவுக்குக் கட்டண வருவாய் போதாமல் விழும் துண்டு, 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை நீளப்படி மேல்நகர் 70 ரூபாய் தர வேண்டும். நிலையக் கணக்கில் 60. பயணி குடியிருக்கும் ஊர்க் கணக்கில் 45. மூன்றையும் சமமாகக் கலந்தால் 58-க்குச் சற்று மேல். ஒரே பாதை, ஒரே பற்றாக்குறை, நான்கு விடை. நான்குக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது.

அதனால்தான் எண்களை மேசையில் வைக்கும் முன்பே "எந்த அடிப்படை நியாயம்" என்பதைப் பேசி முடிக்கச் சொல்கிறேன். எண் தெரிந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனக்குக் குறைவாக வரும் சூத்திரம்தான் நியாயமாகத் தெரியும். வாஷிங்டனில் ரயில் பற்றாக்குறையைப் பகிர நீண்ட காலம் பயன்பட்டது ஒரு கலவைச் சூத்திரம்தான்: அடர்த்தியைக் கணக்கில் கொண்ட மக்கள்தொகை, நிலையங்களின் எண்ணிக்கை, பயணிகள் குடியிருக்கும் இடம், மூன்றுக்கும் சம எடை. கலவையில் யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது. ஆனாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

மூன்றாவது, செலவு கூடினால் யார் தலையில்? இதற்கு ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஹட்சன் ஆற்றின் அடியில் புதிய ரயில் சுரங்கம் தோண்டும் திட்டம் 2009-இல் வேலை தொடங்கி, 2010-இல் நியூ ஜெர்சி ஆளுநரால் நிறுத்தப்பட்டது. செலவு கூடினால் அந்தச் சுமை தங்கள் மாநிலத்தின் மேல் விழும் என்பதே அவர் சொன்ன காரணம். முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். கூடுதல் செலவில் முதல் இத்தனை சதவீதம் எல்லாருக்கும் பங்குப்படி, அதற்கு மேல் மாற்றம் கேட்டவருக்கு, இயற்கைப் பேரிடரானால் இப்படி என்று படிப்படியாக எழுதிவையுங்கள்.

5. கால அட்டவணையை முதலில் போடுங்கள், கட்டுமானத்தை அதிலிருந்து எடுங்கள்

தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் இதுதான் பணத்தை மிச்சப்படுத்தும் படி.

சுவிட்சர்லாந்தில் பெரிய சந்திப்பு நிலையங்களுக்கு எல்லாத் திசை ரயில்களும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, சில நிமிடங்களில் கிளம்பும்படி அட்டவணை போட்டார்கள். அதற்குச் சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தாக வேண்டும். அந்தத் தேவைக்காக 45 கிலோமீட்டர் புதிய பாதை போட்டு 2004 டிசம்பரில் திறந்தார்கள். பயணம் 56 நிமிடமானது. இன்னும் பெருஞ்செலவு செய்து பத்து நிமிடம் குறைத்திருந்தால், வண்டி மாறும் பயணி அந்தப் பத்து நிமிடத்தை நடைமேடையில் நின்று கழித்திருப்பார்.

பேருந்துக்கும் இதே கணக்குதான். ரயில் 15 நிமிடத்துக்கு ஒன்று, பேருந்து 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் இரண்டும் பொருந்துவது மணிக்கு ஒரே ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் பயணிக்குக் காத்திருப்புதான். பேருந்தை 15 அல்லது 30 நிமிட இடைவெளிக்கு மாற்றினால் ஒரு செங்கல்கூட வைக்காமல் இணைப்பு சரியாகிவிடும். இரண்டு நிர்வாகங்களின் அட்டவணை போடுபவர்களை ஒரே மேசையில் ஒரு நாள் உட்கார வையுங்கள்.

6. டெண்டருக்கு முன் தரத்தை ஒன்றாக்குங்கள்

டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரேசுண்ட் பாலம் 2000-இல் திறக்கப்பட்டது. டேனிஷ் பக்கம் ரயில் மின்சாரம் 25 ஆயிரம் வோல்ட், ஸ்வீடன் பக்கம் 15 ஆயிரம். அலைவெண்ணும் வேறு. ஒரு நாட்டில் ரயில் வலப்புறமாக ஓடும், மற்றதில் இடப்புறமாக. இரண்டையும் சமாளிக்கும் வண்டிகளை வாங்கித்தான் சேவை நடக்கிறது. பழைய பாதைகளை இணைக்கும்போது அது தவிர்க்க முடியாத செலவு. புதிதாகக் கட்டும்போது அப்படியொரு வேறுபாட்டை நாமே உருவாக்கக் கூடாது.

மின்சாரம், சிக்னல், நடைமேடை உயரம், கதவு இருக்கும் இடம், பயணச்சீட்டு இயந்திரம் படிக்கும் அட்டை, வழிகாட்டிப் பலகையின் நிறம், அறிவிப்பின் மொழிகள். இத்தனைக்கும் ஒரு பொதுத் தர ஆவணம் டெண்டருக்கு முன் வேண்டும். ஒரு தரப்பு மட்டும் முந்திக்கொண்டு டெண்டர் விட்டால் அதன் தரமே எல்லாரின் தரமாகிவிடும். மற்றவர்கள் அதை ஏற்காவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவர் ஒரு ஊரில் எளிதாக ஏறி, அடுத்த ஊரில் இறங்க முடியாமல் தவிப்பார்.

7. ஒரே சீட்டு, பிரித்த வருவாய்

பயணிக்கு எல்லையில் மறுபடி சீட்டு எடுக்கும் வேலை இருக்கக் கூடாது. இதைச் செய்யும்போது முதலில் வருவாய் குறையும். முன்பு இரண்டு தடவை குறைந்தபட்சக் கட்டணம் கொடுத்தவர் இப்போது ஒரே கட்டணம் கொடுக்கிறார் அல்லவா? அந்த இழப்பை முதல் சில ஆண்டுகளுக்கு யார் ஈடுகட்டுவது என்று முன்கூட்டியே எழுதாவிட்டால், பொதுச் சீட்டு ஆறு மாதத்தில் ரத்தாகும்.

வருவாயைப் பிரிக்கத் தட்டும் அட்டையின் பதிவு உதவும். பாஸ் மட்டும் காட்டிப் போகும் இடங்களில் வருடத்துக்கு ஓரிரு முறை மாதிரிக் கணக்கெடுப்பு எடுத்து விகிதம் போட வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு மூன்றாவது தரப்பின் கையில் இருக்கட்டும்.

8. விலகும் வழியையும் எழுதுங்கள்

சேரும்போதே பிரிவதைப் பேசுவதா என்று சங்கடப்படுவார்கள். பேசியே ஆக வேண்டும். ஆட்சி மாறும், நிதிநிலை மாறும், திட்டம் அதையெல்லாம் தாங்க வேண்டும்.

கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கு 2016-இல் ஒப்பந்தம் ஆனது. மாற்றங்களில் உடன்பாடு எட்டாமல் 2020 டிசம்பர் 31-இல் அது காலாவதியானது. ஒப்பந்தத்தின்படி மலேசியா சிங்கப்பூருக்குச் சுமார் 10.28 கோடி சிங்கப்பூர் டாலர் இழப்பீடு தந்தது, கணக்கு தீர்ந்தது. இதே இரண்டு நாடுகளும் ஜொகூர் பாரு–சிங்கப்பூர் இடையிலான குறும்பாதை ரயில் திட்டத்தை 2019-இல் நிறுத்திவைத்து, 2020-இல் திருத்திய நிபந்தனைகளோடு மறுபடி தொடங்கின. நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் விதி இருந்தால் ஒரு திட்டம் விழுந்தாலும் உறவு விழாது.

விலகுபவர் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், அதுவரை ஆன செலவு யாருக்கு, வாங்கிய வண்டிகள் யாருக்கு, ஓடிக்கொண்டிருக்கும் சேவையை எத்தனை நாள் தொடர வேண்டும். நான்குக்கும் தெளிவான விடை வேண்டும்.

9. கட்டும் காலத்தில் கவனிக்க வேண்டியவை

ஒரு பாதைக்கு ஒரு டெண்டர் அமைப்பு. ஆளுக்கொரு துண்டைக் கட்டி நடுவில் சேர்க்கலாம் என்று ஆரம்பித்தால், சேரும் இடத்தில் தாமதம் எல்லாருக்கும், பொறுப்பு யாருக்கும் இல்லை.

முடிவுப் பதிவேடு ஒன்று வையுங்கள். தேதி, முடிவு, யார் சம்மதித்தார், எந்த நாளுக்குள் யார் செய்ய வேண்டும். கூட்டக் குறிப்புகள் பத்துப் பக்கம் இருந்தாலும் பதிவேட்டில் ஒரு முடிவுக்கு ஒரு வரிதான். அதிகாரிகள் மாறும்போது புதிதாக வருபவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இது.

முழுப் பாதையும் முடியும்வரை காக்காமல், தனியாகவே பயன்படக்கூடிய ஒரு துண்டை முதலில் திறக்கப் பாருங்கள். 82 கிலோமீட்டர் டெல்லி–மீரட் பாதையில் சாகிபாபாத்–துஹாய் பணிமனை இடையே 17 கிலோமீட்டர் 2023 அக்டோபரில் முதலில் திறந்தது. மக்கள் ஏறிப் போகும் ஒரு துண்டு இருந்தால் மற்ற துண்டுகளுக்குப் பணம் கேட்பது எளிது. ஆனால் முதல் துண்டு முழுக்க ஒரே தரப்பின் எல்லைக்குள் வருமென்றால், மற்றவர்களுக்கு எந்தத் தேதியில் என்ன கிடைக்கும் என்பதையும் அதே நாளில் அறிவித்துவிடுங்கள்.

10. திறந்த பிறகு

புகாருக்கு ஒரே தொலைபேசி எண். "அது எங்கள் பகுதி இல்லை" என்ற பதில் பயணியின் காதில் விழக் கூடாது.

திறந்த முதல் வாரத்தில், எல்லையை ஒட்டிய சந்திப்பு நிறுத்தத்தில் காலை நெரிசல் நேரத்தில் இரு தரப்பு அதிகாரிகளும் சேர்ந்து நில்லுங்கள். ரயில் வந்த நேரம், பேருந்து கிளம்பிய நேரம், ஓடிவந்தும் பேருந்தைத் தவறவிட்டவர் எத்தனை பேர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கும் முதியவருக்கும் இந்த நடைமேடையிலிருந்து அந்த நடைமேடைக்குப் போக எத்தனை நிமிடம். இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதி, அங்கேயே இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நிறுத்தத்தில் மறுபடி எடுத்து, அடுத்த அட்டவணை மாற்றத்துக்கு முன் இரண்டு தாள்களையும் அட்டவணை போடுபவர்களிடம் சேர்த்துக் கொடுங்கள்.